மாதக்கணக்கில் ஓடாத காரை ஸ்டாண்டில் ஏற்றி வைப்பது எப்படி?

ஆறு மாதம், ஒரு வருடம் என்று வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் காரை விற்க மனமில்லாமல் வீட்டுப் போர்டிகோவிலேயே விட்டுச் செல்கிறார்கள். திரும்பி வரும்போது டயர்கள் தரையில் பட்ட இடத்தில் தட்டையாகிக் கிடக்கின்றன, பேட்டரியில் உயிர் இல்லை, பின்சக்கர பிரேக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைத் தவிர்க்கத்தான் நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகள் மீது காரை நிறுத்தும் பழக்கம் வந்தது. அதைச் சரியாகச் செய்தால் டயரும் சஸ்பென்ஷனும் பிழைக்கும். தவறாகச் செய்தால், ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள இரும்பு, குழந்தைகள் நடமாடும் வீட்டில் எப்போது சரியும் என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கும். ஏற்றுகிற நாளில் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத மாதங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் அந்த மாதங்களை மனதில் வைத்துச் சொல்வது.

ஸ்விஃப்ட், ஐ10 போன்ற, முன்சக்கரங்களால் ஓடும் சிறிய காரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். தரைத்தட்டுக்கு அடியில் பெரிய பேட்டரி கொண்ட மின்சாரக் காருக்கு இந்த முறை பொருந்தாது. அந்தக் காருக்கான கையேடு சொல்வதைத் தாண்டி எதையும் செய்யாதீர்கள்.

முதலில், ஸ்டாண்டு தேவைதானா?

இரண்டு மாதத்துக்குள் திரும்பி வருவீர்கள் என்றால் தேவையில்லை. டயரில் வழக்கத்தைவிட ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்றடியுங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை யாராவது காரைக் கால்சுற்று நகர்த்தி வைத்தால் போதும். சில வாரங்களில் ஏற்படும் தட்டை, கொஞ்ச தூரம் ஓட்டி டயர் சூடானதும் பெரும்பாலும் சரியாகிவிடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்த டயரில்தான் அது நிலைத்துப் போகும். ஓட்டும்போது ஸ்டியரிங் அதிரும்.

நான்கைந்து மாதத்துக்கு மேல் கார் நிற்கப் போகிறது, நகர்த்தி வைக்க வீட்டில் ஆள் இல்லை என்றால் ஸ்டாண்டு நல்ல வழிதான். ஆனால் மழைத்தண்ணீர் புகும் இடமாக இருந்தால் வேண்டவே வேண்டாம். முழங்கால் உயரத்தைத் தாண்டிய தண்ணீர் சிறிய காரை மிதக்க வைத்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியும் முடிச்சூரும் பட்ட பாட்டைச் சென்னை மறந்திருக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் தண்ணீரில் மிதந்து சென்றதைக் காணொளியிலும் பார்த்தோம். ஸ்டாண்டில் நிற்கும் கார் மிதந்தால் ஸ்டாண்டை விட்டு நகர்ந்துவிடும். தண்ணீர் வடியும்போது அது எதன்மேல் இறங்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பகுதியில் இருப்பவர்கள் மேட்டுப் பகுதியில் உள்ள உறவினர் வீட்டில் காரை விடுவதே மேல்.

அடுக்குமாடியின் பொது வாகன நிறுத்துமிடத்திலும் செய்யாதீர்கள். பக்கத்துக் காரைப் பின்னால் எடுப்பவர் லேசாக இடித்தாலும் போதும், கார் சாய்ந்துவிடும்.

தரை

நான்கு சக்கரங்களும் தாங்கிய எடையை இப்போது நான்கு சிறிய இரும்புக் கால்கள் தாங்கப் போகின்றன. சமதளமான, விரிசல் இல்லாத கான்கிரீட் தரைதான் சரி. மண் தரை மழையில் இளகும். தார்த்தளம் சித்திரை வெயிலில் மென்மையாகி, ஸ்டாண்டின் கால்கள் மெல்லப் புதையும். நான்கும் ஒரே அளவில் புதையாது என்பதால் கார் ஒரு பக்கம் சாயும். சிமெண்ட் பாவுகற்களுக்கும் இதே சிக்கல் உண்டு.

நம் ஊரில் பல போர்டிகோக்களில் பார்க்கிங் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தில் உடைந்து இறங்கும். விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் ஸ்டாண்டை வைக்காதீர்கள். எந்தத் தரையானாலும் ஒவ்வொரு ஸ்டாண்டின் அடியிலும் ஓர் அடிக்கு ஓர் அடி அளவில், முக்கால் அங்குலப் பிளைவுட் துண்டு ஒன்றைப் போடுங்கள். எடை பரவும், வழுக்காது. தண்ணீர் பட்டால் பிரியாத தரமுள்ள பிளைவுட்டாக இருக்கட்டும்.

மழைநீர் ஓடுவதற்காகப் போர்டிகோ தரைக்கு வாசலை நோக்கிக் கொஞ்சம் சரிவு கொடுத்திருப்பார்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கே சரிவு தெரிகிறது என்றால் அந்த இடம் வேண்டாம்.

ஸ்டாண்டு

செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல், மரக்கட்டை அடுக்கு ஆகியவற்றின்மேல் காரை நிறுத்துவதை இன்றும் ஊர்களில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சுவரில் பரவலாக எடை தாங்கச் செய்யப்பட்டவை. ஒரு புள்ளியில் எடை விழுந்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். ஜாக்கியும் அப்படித்தான்: அது தூக்குவதற்கு மட்டும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஜாக்கியின் சீல் தேய்ந்தால் ஒரே இரவில் இறங்கிவிடும். காரோடு வரும் கத்தரி ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றும் கால் மணி நேரத்துக்கானது.

வாங்க வேண்டியது ஒரே மாதிரியான நான்கு இரும்பு ஸ்டாண்டுகள். இரண்டு வகை உண்டு. பல்சக்கரத் தண்டும் கொக்கியும் கொண்டது ஒன்று. துளைகளில் கனமான ஊசி செருகுவது இன்னொன்று. முதல் வகை கையாள எளிது. ஆனால் கொக்கி பல்லில் முழுமையாகப் பொருந்தியதா என்பதை நம்பித்தான் எல்லாம் நிற்கிறது. 2020-ல் அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரெய்ட் நிறுவனம் பதினேழு லட்சம் அளவிலான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் இதுதான்: எடை தாங்கி நிற்கும்போது அசைந்தால் கொக்கி பல்லிலிருந்து நழுவக்கூடிய குறைபாடு. மாதக்கணக்கில் நிறுத்த நான் ஊசி வகையையே சொல்வேன். பல்சக்கர வகைதான் கிடைக்கிறது என்றால், கொக்கிக்கு மேலதிகமாகப் பாதுகாப்பு ஊசியும் உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

தாங்கும் எடை மூன்று டன் என்று போட்டிருந்தால் அது ஒரு ஸ்டாண்டுக்கா, ஒரு ஜோடிக்கா என்று பெட்டியில் பாருங்கள். சிறிய காருக்கு இரண்டு டன் ஜோடியே கணக்குப்படி போதும்தான். மூன்று டன் ஸ்டாண்டின் அடிப்பாகம் அகலமாக இருப்பதால் எளிதில் சாயாது. அதற்காகவே அதைப் பரிந்துரைக்கிறேன். இன்னோவா போன்ற கனமான வண்டிக்கு அதற்குக் குறைவாக வாங்கவே கூடாது. பற்றவைப்பு இடங்களை விரலால் தடவி, விரிசலோ விட்டுப்போன இடமோ இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். நான்கு கால்களும் தட்டையான தரையில் ஆடாமல் நிற்க வேண்டும்.

எங்கே தாங்கக் கொடுப்பது?

காரின் கையேட்டில் ஜாக்கி வைக்கும் இடங்களைப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் ஒவ்வோர் இடத்திலும் அருகருகே இரண்டு வெட்டுக் குறிகள் தெரியும். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி உள்ளே வலுவூட்டப்பட்டது. ஸ்டாண்டு அங்கேதான் நிற்க வேண்டும். விளிம்பு மடங்காமல் இருக்க, நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் திண்டை ஸ்டாண்டின் தலையில் வையுங்கள். மரத்துண்டு வைக்கலாமா என்று கேட்பார்கள். நாளடைவில் பிளக்கும், நழுவும், வேண்டாம்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஸ்டாண்டு நிற்க வேண்டிய இடத்திலேயே ஜாக்கியையும் வைத்துத் தூக்கினால் ஸ்டாண்டை எங்கே நுழைப்பது? அதனால் சக்கரங்களில் உருளும் டிராலி ஜாக்கியைக் காரின் முன்பக்க நடுவில் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலும், பின்பக்கத்தில் கையேடு காட்டும் இடத்திலும் வைத்துத் தூக்குவார்கள். எண்ணெய்த் தொட்டி, கியர்பாக்ஸ், ரேடியேட்டர் தாங்கி, தரைத்தகடு ஆகியவற்றில் ஜாக்கி படவே கூடாது. பின்பக்க ஆக்ஸில் சட்டத்தின் நடுவில் தூக்கலாமா என்பது காருக்குக் கார் மாறும். உங்கள் கையேடு அந்த இடங்களைத் தெளிவாகக் காட்டவில்லை என்றால் ஊகித்துச் செய்யாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்து, அவர் தூக்க நீங்கள் கூடவே நின்று பாருங்கள். அந்தக் கூலி வீண்போகாது.

கார் உடலை இப்படித் தாங்கும்போது சக்கரங்கள் கீழ்நோக்கித் தொங்கும். சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் முறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் இருக்கும். அதனால்தான் உயரத் தூக்காதீர்கள் என்கிறேன். டயர் தரையை விட்டு எழுந்தாலே போதும். ஸ்டாண்டின் மிகத் தாழ்ந்த நிலையோ அதற்கு அடுத்ததோ சரியாக இருக்கும். பிறகு ஒவ்வொரு டயருக்கு அடியிலும் அகலமான பலகைகளை அடுக்கி, டயர் அதன்மேல் லேசாகப் பட்டும் படாமலும் இருக்கச் செய்யுங்கள். சக்கரங்களைக் கழற்ற வேண்டாம். நாளை ஏதோ ஒரு காரணத்தால் ஒரு ஸ்டாண்டு நழுவினாலும் கார் ஒரு விரல் அகலம்தான் இறங்கும், அதுவும் டயர்மேல். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

அம்பாசடர், ஆம்னி, பொலிரோ போன்ற வண்டிகளில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கும் முழு ஆக்ஸிலும் இருக்கும். அவற்றுக்குப் பின் ஸ்டாண்டுகளை ஆக்ஸில் குழாய்க்கு அடியில், ஸ்பிரிங்கை ஒட்டி வைக்கலாம். சஸ்பென்ஷன் வழக்கமான நிலையிலேயே இருக்கும்.

தூக்குவதற்கு முன்பு

காரின் அடிப்பாகத்தைக் கழுவி, அரை மணி நேரம் ஓட்டி நன்றாக உலர்த்துங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. ஒட்டியிருக்கும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு பிடிக்க மாதக்கணக்கு வேண்டியதில்லை. எஞ்சின் ஆயில் பழையதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஓடிய ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது உள்ளே தேங்கி நிற்பது நல்லதல்ல.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தொட்டியில் வெற்றிடம் அதிகமாக இருந்தால் ஈரமும் அதிகமாகச் சேரும். எனவே தொட்டியை ஏறத்தாழ நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தை அதன் புட்டியில் குறிப்பிட்ட அளவில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டினால் அது எஞ்சின்வரை போய்ச் சேரும்.

தூக்கும் முறை

வீட்டில் குழந்தைகளை அன்று வெளியே அனுப்பிவிடுங்கள். உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். எந்தக் கட்டத்திலும் உங்கள் தலையோ கையோ காருக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி நுழைக்க வேண்டும்.

1. காரை நேராக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பி நிலையில். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வையுங்கள்.

2. பின்பக்கத்தை முதலில் தூக்குங்கள். ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. அவை எழுந்த கணத்தில் காரைப் பிடித்திருப்பவை கியரும் ஆப்புகளும்தான். முன்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்தால் கியரின் பிடியும் போய்விடும், ஏனெனில் இரு முன்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல், தரையில் இருக்கும் மற்றச் சக்கரத்தையும் சுழல விடும். ஆகவே ஆப்புகளை அலட்சியமாக வைக்காதீர்கள்.

3. ஜாக்கியின் கை ஒரு வில்போல வளைந்து எழுவதால், கார் உயர உயர ஜாக்கியே கொஞ்சம் உருண்டு நகர வேண்டும். அதன் சக்கரத்தின்முன் சிறு கல் இருந்தாலும் ஜாக்கி நிற்கும், கார் இழுபடும். தரையைப் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

4. ஸ்டாண்டுகளை நுழைத்து ஊசியைச் செருகியபின், ஜாக்கியை மிக மெதுவாக இறக்குங்கள். எடை ஸ்டாண்டில் அமர்ந்ததும், நான்கு கால்களும் பிளைவுட்டில் முழுமையாகப் பதிந்துள்ளனவா என்று பாருங்கள்.

5. இப்போது முன்பக்கம். எல்லாவற்றிலும் ஆபத்தான கட்டம் இதுதான். முன்பக்கம் எழும்போது கார் முழுவதும் சற்றுச் சாய்வதால், ஏற்கெனவே நிற்கும் பின் ஸ்டாண்டுகளின் ஒரு கால் மேலே எழும்பப் பார்க்கும். ஓர் அங்குலம் தூக்குவதும், உதவியாளர் பின்னால் பார்ப்பதும், பிறகு மறுபடி தூக்குவதுமாகப் போங்கள். கால் எழும்புவது தெரிந்தால் இறக்கிவிட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி உயர்த்துங்கள்.

6. நான்கு ஸ்டாண்டும் அமர்ந்தபின், வெளியே நின்றபடி காரின் முன் முனையையும் பின் முனையையும் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி அசைத்துப் பாருங்கள். கார் ஸ்பிரிங்கில் ஆடலாம். ஸ்டாண்டு அசையக் கூடாது. அசைந்தால் முதலிலிருந்து செய்யுங்கள், வேறு வழியில்லை.

7. பலகைகளைப் பக்கவாட்டிலிருந்து டயர்களுக்கு அடியில் தள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். போட்டபடியே விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.

ஏற்றிய பிறகு

ஓட்டுநர் கதவைச் சாவியாலேயே திறக்க முடிகிறதா என்று உறுதி செய்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். வெயில் காலத்தில் கழற்றி வைத்த பேட்டரியும் தானாக இறங்கும். ஆகையால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட வீட்டில் யாரையாவது பழக்குங்கள்.

எலிதான் அடுத்த எதிரி. சைலன்சர் குழாயின் வாயையும் காற்று உள்ளிழுக்கும் குழாயின் வாயையும் கம்பி வலையால் அடையுங்கள். அடைத்திருப்பதை எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். காருக்குள் பிஸ்கட் பொட்டலம், முறுக்குத் துணுக்கு எதுவும் இருக்கக் கூடாது. மூடுவதற்குப் பிளாஸ்டிக் உறை வேண்டாம். காற்றுப் புகும் துணி உறையே நல்லது, இல்லாவிட்டால் மழைக்காலத்தில் இருக்கைகளில் பூஞ்சை பிடிக்கும்.

வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட விடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். ஸ்டாண்டில் இருக்கும் காரில் அதைச் செய்யவே கூடாது. அதிர்வில் ஸ்டாண்டு நகரலாம். கியர் விழுந்தால் சக்கரம் சுழலும். ஐந்து நிமிட ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாது என்பதால் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் சேர்வதுதான் மிச்சம்.

பிளைவுட்டின்மேல் ஒவ்வொரு ஸ்டாண்டின் காலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுங்கள். காரைப் பற்றி ஒன்றும் தெரியாத அம்மாவோ தாத்தாவோ கூட, கால் கோட்டுக்குள் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்த்துச் சொல்ல முடியும். கோட்டைத் தாண்டியிருந்தால் யாரும் கிட்டே போகாமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள். காரைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். பந்து அடியில் உருண்டு போனால் குழந்தைகள் தவழ்ந்து நுழைவார்கள், கண்ணாமூச்சி விளையாடும்போது ஒளிய அதைவிட வசதியான இடம் கிடைக்காது. கம்பால் எடுக்க வேண்டும், உள்ளே போகக் கூடாது என்பதைக் குழந்தைகளிடம் நேரிலேயே சொல்லுங்கள்.

கார் ஓடவில்லை என்பதற்காகக் காப்பீட்டைக் காலாவதியாக விடாதீர்கள். தீ, வெள்ளம், திருட்டு நிற்கும் காருக்கும் வரும். காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், உரிமைகோராமல் சேர்த்த தள்ளுபடியும் (நோ கிளெய்ம் போனஸ்) போய்விடும்.

இறக்கும்போது

ஏற்றியதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அதே நிதானம், அதே உதவியாளர். ஆனால் டயர்களில் காற்றடிப்பது முதல் வேலை. மாதக்கணக்கில் காற்று இறங்கிய டயர்மேல் எடை விழுந்தால் பக்கச்சுவர் மடங்கும். கையடக்கக் காற்றுப் பம்பு இருந்தால் கார் ஸ்டாண்டில் இருக்கும்போதே வழக்கமான அளவுக்கு ஏற்றிவிடுங்கள். பலகைகளை எடுத்தபின், முன்பக்கத்தை முதலில் இறக்கி, முன்சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, கியரில் போட்டுவிட்டுப் பின்பக்கத்தை இறக்குங்கள். ஜாக்கியால் சற்றுத் தூக்கினால்தான் ஊசி தளரும். தளராத ஊசியைச் சுத்தியலால் அடித்து எடுக்கக் கூடாது.

கம்பி வலைகளை அகற்றி, எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று எஞ்சின் பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். வீல் நட்டுகளை ஸ்பானரால் குறுக்குமறுக்காக ஒரு சுற்று இறுக்குங்கள். பேட்டரியை இணைத்து, ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவுகளைப் பார்த்தபின் எஞ்சினைக் கிளப்பலாம். நகர்வதற்கு முன் பிரேக் மிதி கெட்டியாக நிற்கிறதா என்று மிதித்துப் பாருங்கள். அமுங்கிக்கொண்டே போனால் காரை எடுக்காதீர்கள். முதல் சில நிறுத்தங்களில் டிஸ்க்கில் படிந்த துரு உரசிச் சத்தம் வரும், அது தேய்ந்து போய்விடும். தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி வந்து, மறுநாள் காலை காருக்கு அடியில் எண்ணெயோ தண்ணீரோ சொட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகு நெடுஞ்சாலைக்கு எடுங்கள்.